அணைக்கக் கூடாத ஃபிரிட்ஜ்

ஃபிரிட்ஜ் விற்கும் தொழிலில் உண்மையைச் சொன்னால் வாடிக்கையாளர் அன்றைக்கே கோபப்படுவார். சொல்லாவிட்டால் கோடைகாலத்தில் வந்து கோபப்படுவார். அடுத்தவர் சரக்கை விற்று வயிறு கழுவும் நண்பர்களே, இதில் எது தேவலை என்று உங்களுக்கே தெரியும்.

நான் பி.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டுத் தல்லாகுளத்தில் ஒரு ஃபிரிட்ஜ் கடையில் விற்பனையாளனாகச் சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் காலையில் இட்லிகூடத் தொண்டையில் இறங்காது. பயந்தவனுக்கும் கோபம் வரும் என்று எனக்குக் காட்டியது ஒரே ஒரு ஃபிரிட்ஜ்தான்.

ஜீப்பு பேட்டரி

உசிலம்பட்டிப் பக்கம் எண்ணெய் மில் வைத்திருந்த பெருமாள்சாமி ஒருநாள் கடைக்கு வந்தார். ஆரப்பாளையத்தில் ஒரு பட்டறையில் சொல்லி, இரண்டு சக்கரத்தில் சின்ன வீடு மாதிரி டிரெய்லர் கட்டிக்கொண்டிருந்தார். அதை ஜீப்பில் மாட்டி இழுத்துக்கொண்டு குடும்பத்தோடு காசிக்குப் போவதாகத் திட்டம். “படுக்கை இருக்கு, அடுப்பு இருக்கு. ஃபிரிட்ஜு ஒண்ணுதான் பாக்கி. போற வழியெல்லாம் ஜில்லுன்னு கலர் சோடா குடிக்கணும்” என்றார்.

எங்கள் சீனியர் தங்கவேல் அண்ணன் அவரை நேராகக் கடையிலேயே பெரிய, சிவப்பு நிற ஃபிரிட்ஜிடம் கூட்டிப்போனார். அதை உள்ளே வைத்தால் ஆட்கள் வெளியேதான் படுக்க வேண்டும். “ஐயா, இதுக்குக் கரண்ட் எங்கிருந்து வரும்?” என்று கேட்டேன். ஜீப்பு பேட்டரியில் இருந்து ஒயர் இழுத்துக்கொள்வதாகச் சொன்னார். அந்தப் பேட்டரி பன்னிரண்டு வோல்ட், இதற்கு வீட்டுக் கரண்ட் வேண்டும், அப்படியே மாற்றிக் கொடுக்கக் கருவி வைத்தாலும் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும், அப்புறம் ஜீப்பே கிளம்பாது என்று விளக்கினேன். தங்கவேல் அண்ணன் என் காலை மிதித்தார். நான் நிறுத்தவில்லை. பெருமாள்சாமி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“தம்பி, நான் ஃபிரிட்ஜு வாங்க வந்தேன், பரீட்சை எழுத வரலை!”

கலரும் ஊசியும்

மறுமுறை மனைவி சிவகாமியையும் கூட்டிவந்தார். அவர் முதலாளியோடு பேசப் போன நேரத்தில் அந்த அம்மா என்னிடம் மெதுவாகக் கேட்டார்: “தம்பி, இதுல மருந்து வச்சாக் கெடாதுல்ல?” அவருக்குச் சர்க்கரை வியாதி. தினமும் இன்சுலின் ஊசி. மருந்துக் குப்பியை வீட்டில் ஈரமணல் பானைக்குள் வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். “வடக்க வெயிலு ஜாஸ்தியாமே. மருந்து கெட்டுப்போனா நான் திரும்பி வர மாட்டேன். நான் வரலைன்னு சொன்னா அவுக பயணமே நின்னுரும். ஊரெல்லாம் வேற சொல்லிட்டாக.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓர் உயிர் போகும் விஷயம். அந்த மனுசன் வாயில் இதுவரை கலரைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. கிடங்கில் தூசி படிந்து கிடந்த ஒரு சின்ன மண்ணெண்ணெய் ஃபிரிட்ஜை இழுத்து வந்தேன். மலைத்தோட்ட பங்களாக்களுக்கு விற்பது. அடியில் திரி எரியும். அந்தச் சூட்டிலேயே உள்ளே குளிரும், கரண்டே வேண்டாம். ஆனால் இரண்டு விதி: சமதளத்தில் நிற்க வேண்டும், வண்டி ஓடும்போது திரியை அணைத்துவிட வேண்டும். கதவைத் திறக்காமல் இருந்தால் பகல் பயணத்துக்கு உள்ளே இருக்கும் குளிரே போதும். சிவகாமி அம்மா இதுவே போதும் என்று நிற்க, பெருமாள்சாமியும் அதையே வாங்கினார். பெரிய ஃபிரிட்ஜ் கைவிட்டுப் போனதில் முதலாளி என்னை முறைத்த முறைப்பில் இன்றோடு வேலை முடிந்தது என்றே நினைத்தேன். தங்கவேல் அண்ணன் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

“மாப்ள, வந்தவனுக்கு எது தேவைன்னு பாக்குறவன் டாக்டரு. கடையில எது விலை ஜாஸ்தியோ அதை விக்கிறவன்தான்டா சேல்ஸ்மேனு. இதைப் போய் அவரே கேக்குறதுக்கு முந்தி ஏன்டா காட்டுன?”

தட்டில் தண்ணீர்

பொருத்துவதற்கு நானே பட்டறைக்குப் போனேன். புகை போக வைத்திருந்த பின்பக்க ஓட்டையைத் தகரம் வைத்து அடைத்து, அதன்மேல் மயில் வரையச் சொல்லியிருந்தார் பெருமாள்சாமி. மயில் போகட்டும், ஆட்கள் மூச்சு முட்டிப் போவார்களே என்று கத்தினேன். ஒருவழியாக மயிலின் வயிற்றில் ஓட்டை போட்டார்கள். ரசமட்டம் வைத்துச் சமமாக இருக்கிறதா என்று பார்த்து, கட்டைகள் செருகி நிறுத்தினேன். சிவகாமி அம்மாவுக்கு மட்டும் ஒரு வழி சொல்லிக்கொடுத்தேன். வண்டியை எங்கே நிறுத்தினாலும் ஃபிரிட்ஜ் மேல் ஒரு தட்டில் தண்ணீர் வைக்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் வண்டியை நகர்த்த வேண்டும்.

திரியைப் பற்றவைத்தோம். மறுநாள் ஃபிரிட்ஜுக்குள் வைத்திருந்த கிண்ணத்துத் தண்ணீர் ஐஸாகியிருந்தது. பட்டறைக்காரர் அதை விரலால் சுரண்டிப் பார்த்தார்.

“ஏன் தம்பி, தீயை வச்சா ஐஸ் வருது. அப்ப ஐஸை வச்சா சோறு பொங்குமா?”

கிளம்பும் நேரம்

பயணம் கிளம்பும் அன்று, நல்ல வாடிக்கையாளர் என்று ஒரு பை சாத்துக்குடி கொடுத்து, தங்கவேல் அண்ணனையும் என்னையும் முதலாளி உசிலம்பட்டிக்கு அனுப்பினார். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்து, ஊரே கூடி நின்றது. ஜீப் உறுமிக்கொண்டிருந்தது. டிரெய்லருக்குள் எட்டிப் பார்த்தேன். படுக்கையில் பிள்ளைகள். பக்கத்தில் மண்ணெண்ணெய் டின். துணித்திரைக்கு ஒரு முழம் தள்ளி, ஃபிரிட்ஜ் அடியில் நீலமாகத் தீ.

“ஐயா, இதை அணைச்சுட்டுக் கிளம்புங்க!”

பெருமாள்சாமிக்கு முகம் கறுத்தது. “காசிக்குக் காலெடுத்து வைக்கிற நேரத்துல எரியிற தீயை அணைக்கவா? வாயைக் கழுவுடா!” அது விளக்கு இல்லை ஐயா, அடுப்பு மாதிரி என்றேன். யாரும் கேட்கவில்லை. “விட்றா, வித்தாச்சு” என்று தங்கவேல் அண்ணன் சட்டையைப் பிடித்து இழுத்தார். உதறிவிட்டு ஜீப்புக்கு முன்னால் போய் நின்றேன். வேலை போய்விடும் என்ற பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. “என் மேல வண்டியை ஏத்திட்டுப் போங்க! வண்டி குலுங்குனா உள்ள இருக்குற பிள்ளைக கதி என்ன?” ‘படிச்ச கிறுக்கு’ என்று யாரோ சிரித்தார்கள்.

சிவகாமி அம்மா டிரெய்லரில் இருந்து இறங்கினார். ஓர் அகல் விளக்கை எடுத்துவந்து, ஃபிரிட்ஜ் தீயில் ஒரு குச்சியைப் பற்றவைத்து அதை ஏற்றினார். வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சாமி முன் வைத்துவிட்டு, நாத்தனாரிடம் எண்ணெய் பார்த்துக்கொள்ளச் சொன்னார். திரும்பி வந்து தன் கையாலேயே திரியைத் திருகி இறக்கினார். புருசனை நிமிர்ந்து பார்த்தார்.

“தீயை யாரும் அணைக்கலை. வீட்டுல இருக்கு. போற ஊர்லயும் கோயில்ல ஒரு விளக்கு ஏத்திட்டுத்தான் கிளம்புவேன். வண்டியை எடுங்க.”

புகார்

காசியிலிருந்து திரும்பியதும் பெருமாள்சாமி நேரே கடைக்கு வந்து கல்லா மேசையைத் தட்டினார். எங்கே நிறுத்தினாலும் மனைவி தட்டுத் தண்ணீரைக் காட்டி, வண்டியை முன்னே தள்ளு, பின்னே தள்ளு என்று உயிரை எடுத்துவிட்டாளாம். ஓடும்போது கதவைத் திறக்கவே விடவில்லையாம். முதலாளி என்னைக் கூப்பிட்டார். வேலை போனது என்று முடிவுகட்டிக்கொண்டு போய் நின்றேன். பின்னாலேயே சிவகாமி அம்மா கடைக்குள் வந்தார். இளைத்திருந்தார், ஆனால் தெம்பாக நடந்து வந்தார். “ஊசி ஒருநாள் தப்பலை தம்பி, மருந்தும் கெடலை” என்றார். பெருமாள்சாமி அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குரல் இறங்கியது. ஆனாலும் விடவில்லை.

“அதெல்லாம் சரிதான்ப்பா. காசி வரைக்கும் ஃபிரிட்ஜு கூடவே வந்துச்சு, ஒரு கலர் குடிச்சேனா நான்?”

மறுநாளே முதலாளி கிடங்கில் மிச்சமிருந்த மண்ணெண்ணெய் ஃபிரிட்ஜ்களை வாசலுக்குக் கொண்டுவந்து ‘காசிக்கே போய்வந்த ஃபிரிட்ஜ், ஓடும் வண்டியிலும் எரியும்’ என்று போர்டு எழுதி வைத்தார். அந்தப் போர்டைத் தினமும் நான் சுவர்ப்பக்கம் திருப்பிவைக்க, அவர் வந்து தெருப்பக்கம் திருப்பிவைக்க, இப்படித்தான் நடக்கிறது எங்கள் வியாபாரம்.