முருகானந்தம் சார் கேட்ட ஒரு மணி நேரம்

முருகானந்தம் சார் போய்விட்டார்... எங்கள் காலேஜ் கெமிஸ்ட்ரி லேப் டெக்னீஷியன். செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி வாக்கில் சைக்கிள் ஸ்டாண்டில் சரிந்து விழுந்தவர், ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே... நாற்பத்தாறு வயதுதான்.

மூன்று நாளாக எல்லோரும் ஸ்டேட்டஸில் அவர் போட்டோ வைக்கிறீர்கள். நான் வைக்கவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கும் சேர்த்துத்தான் இது.

ஒன்பது வருஷத்துக்கு முன் மதுரையிலிருந்து எக்ஸாம் செக்‌ஷன் வேலைக்கு வந்தபோது தஞ்சாவூரில் எனக்கு ஒருவரையும் தெரியாது. செமஸ்டர் லீவு விட்டால் மெஸ்ஸைக்கூட மூடிவிடுவார்கள். ரூமில் மோட்டுவளையைப் பார்த்துக் கிடந்தவனை "சைக்கிள் ஓட்டுவீங்களா சார்?" என்று கேட்டு வெளியே இழுத்தவர் அவர்.

அப்புறம் எங்கள் காலைகள் எல்லாம் புது ஆற்றுக் கரையில்தான். கல்லணையிலிருந்து வரும் கால்வாயை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். பூதலூர் பக்கம் வரை மிதிப்போம், திரும்பும்போது ஒரு குளியல், ஒன்பதரைக்கு ஈரத் தலையோடு ஆபீஸ்.

சென்னையில் இரண்டு தடவை வேலை கிடைத்தும் நான் போகாததற்கு இதுதான் காரணம். வீட்டில் வேறு காரணம் சொன்னேன்.

மேட்டூர் திறந்துவிட்டால் மனிதருக்கு இருப்புக்கொள்ளாது. மதகு பார்க்கும் லஸ்கர் ஒருவர் அவருக்குப் பழக்கம். "தண்ணி இங்க தாண்டிருச்சு சார்" என்று அவர் போன் செய்ததும், இவர் ஆபீஸ் வாட்ஸப் குரூப்பில் பல் வலி என்று ஒரு மணி நேரம் பர்மிஷன் கேட்பார். ஐந்து நிமிஷம் கழித்து நானும் ஏதாவது ஒரு வலியைச் சொல்வேன்.

இருவரும் போய் நிற்போம். காய்ந்த கால்வாயில் முதல் தண்ணீர்... நுரை, சருகு, பிளாஸ்டிக் பாட்டில் எல்லாவற்றையும் உருட்டிக்கொண்டு, ஆள் நடக்கிற வேகத்தில் வரும்.

டிபன் பாக்ஸில் ஒரு கைப்பிடி நெல்லும் கொஞ்சம் பூவும் கொண்டுவந்து அதில் தூவுவார். "ஒரு குழி நிலம்கூட கிடையாது, உங்களுக்கு எதுக்கு சார் இதெல்லாம்?" என்று சீண்டினால், "சோறு திங்கிறோம்ல சார்" என்பார்.

ஒரு வருஷம் சூப்பரின்டெண்ட் மேடம் எங்களை நிற்க வைத்துக் கேட்டேவிட்டார். "அது என்ன சார், வருஷா வருஷம் ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல உடம்புக்கு வருது?" முருகானந்தம் சார் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பாவமாக நின்றார். அந்த வருஷம் அவர் எழுதியிருந்தது முதுகு வலி.

செவ்வாய்க்கிழமை பத்தேகாலுக்கு குரூப்பில் அவர் மெசேஜ். "நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு. ஒரு மணி நேரம் பர்மிஷன் வேணும்."

இன்றைக்கோ நாளைக்கோ தண்ணீர் வந்துவிடும் என்று முந்தின நாள்தான் லஸ்கர் சொல்லியிருந்தார். நான் சிரித்தேன். மேடம்தான் பதறிப்போய், "காலேஜ் வண்டிய அனுப்பவா பாலா?" என்றார்.

"வேண்டாம் மேடம். அவருக்கு ஒண்ணும் இருக்காது, வந்துருவாரு" என்று நான்தான் சொன்னேன்.

நான்தான்.

பிறகு எனக்குத் தலைவலி என்று எழுதிவிட்டு சைக்கிளை எடுத்தேன். பின் கேட் வழியாகப் போனால் கிட்டம். அவர் லேப் இருப்பது மறுகோடியில்... எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

கால்வாய் காய்ந்து கிடந்தது. உள்ளே ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. இவரை ஏன் இன்னும் காணோம் என்று பாலத்தின் மேல் நாற்பது நிமிஷம் நின்றிருக்கிறேன். அப்புறம்தான் லேப் அட்டெண்டர் அம்மாவின் போன். "எங்க சார் இருக்கீங்க... சீக்கிரம் வாங்க சார்..."

வண்டி எதுவும் வராததால் தானே சைக்கிளில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருக்கிறார்.

கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று டாக்டரிடம் நான் கேட்கவில்லை. தைரியம் இல்லை.

வீட்டில் அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "காலையில நல்லாத்தான் போனாரு தம்பி. ஆபீஸ்ல யார்கிட்டயாச்சும் முடியலன்னு சொன்னாரா?"

"இல்லைங்க அண்ணி... யார்கிட்டயும் சொல்லல" என்றேன். பக்கத்தில் நின்ற மேடம் தலையைக் குனிந்துகொண்டார்.

"சொல்லியிருந்தா நீங்க விட்டிருப்பீங்களா" என்று அண்ணி என்னைத் தேற்றினார். என்னை.

தண்ணீர் மறுநாள் வந்துவிட்டதாம். நான் போகவில்லை.

அண்ணி... சார் சொன்னார். எங்கள் எல்லோரிடமும் சொன்னார். வண்டி வேண்டாம் என்றது நான். நேரில் சொல்ல இரண்டு தடவை உங்கள் தெரு முனை வரை வந்து திரும்பிவிட்டேன், அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

போயிட்டு வாங்க முருகானந்தம் சார். மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.