சம்பந்தியோடு ஒரு ரோலர் கோஸ்டர்

திருமலையில் முடி காணிக்கை செலுத்திவிட்டு, திருப்பதிக்கு வெளியே ஒரு கேளிக்கைப் பூங்காவில் நிற்கிறேன். அறுபத்தெட்டு வயதில் ரோலர் கோஸ்டர் ஏறும் விருப்பம் எனக்கு எள்ளளவும் இல்லை. ஆயினும் அருகில் நிற்பவர் சம்பந்தி. சென்ற மாதம்தான் இவருடைய மகனுக்கு என் மகளைக் கொடுத்தேன். இப்போது பின்வாங்கினால் எங்கள் ஊரான புத்தலப்பட்டில் தீபாவளி வரைக்கும் அதுவே பேச்சாக இருக்கும்.

"இன்னா சம்மந்தி, காலு நடுங்குது? பயமா கீதா?" என்கிறார், சந்தனம் பூசிய மொட்டைத் தலையைத் தடவியவாறு.

"குளிர்" என்கிறேன். சித்திரை வெயில் கொளுத்துகிறது.

வண்டி கடகடவென்று உச்சிக்கு ஏறி ஒரு கணம் நிற்கிறது. கீழே என் மனைவி, எனது பல்செட்டைக் கைக்குட்டையில் பொதிந்து பிடித்தபடி கையசைக்கிறாள். வண்டி தலைகுப்புறப் பாய்கிறது. "ஐயோ" என்று அலறத் திறந்த வாயிலிருந்து, நேற்று முழுதும் தரிசன வரிசையில் நின்ற பழக்கத்தால், "கோவிந்தா!" என்று வெளிப்படுகிறது. முன்னும் பின்னும் இருக்கும் மொட்டைத் தலைகள் அனைத்தும் "கோவிந்தா!" என்று முழங்குகின்றன. ஒவ்வொரு வளைவிலும் நான் அலறுகிறேன், அவர்கள் முழங்குகிறார்கள்.

இறங்கியதும் சம்பந்தி என் கையைப் பற்றுகிறார். "இன்னா பக்தி சம்மந்தி உங்களுக்கு! நான் பயத்துல கண்ணே தொறக்கல."

"எல்லாம் பெருமாள் செயல்" என்கிறேன் அடக்கத்துடன்.

அடுத்த வண்டிக்கு நிற்கும் ஓர் அம்மாள் கும்பிடுகிறார். "சாமி, எங்க கூடவும் ஒரு தபா வாங்க."

சம்பந்தி பெருமிதத்துடன் என்னை முதல் இருக்கையில் அமர்த்திவிட்டு, தாம் கீழேயே நின்றுகொள்கிறார்.