நாற்பது பேரும் ஒரே நொடியில்

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆரம்ப வருடங்கள். கொல்கத்தாவில், அலிப்பூரில் ஓர் அரசு அலுவலகத்துக்கு எங்கள் நிறுவனம் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தது. நாற்பது குமாஸ்தாக்கள் கணினியில் தட்டுவதையெல்லாம் வாங்கி, வேலையை முடித்து, பதில் அனுப்பும் அப்ளிகேஷன் சர்வரைத் தேர்ந்தெடுப்பது என் பொறுப்பு. கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று விலைக்கு வாங்குவது. அதைப் பராமரிக்கும் எங்கள் குழு சென்னையில் இருந்தது. அது தேறினால் நானும் அங்கே போக வேண்டும். மற்றது இலவசம். அது தேறினால் நான் கொல்கத்தாவிலேயே இருந்து பார்த்துக்கொள்ளலாம்.

எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். லேக் மார்க்கெட் பக்கம் வீடு, கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. நான் எந்த சர்வருக்காகப் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டேன் என்று சொல்லவும் வேண்டுமா?

எல்லோரும் ஒரே சமயத்தில் தட்டினால் சர்வர் தாங்குமா என்பதுதான் பரீட்சை. அதைச் சோதிக்கும் மென்பொருள் எங்களிடம் இல்லை. நாற்பது பேரையும் உட்காரவைத்து ஒன்றாகத் தட்டச் சொன்னோம். "ஒன்று, இரண்டு" என்று நான் கத்தியது பின்வரிசைக்கு எட்டவில்லை. தலைமைக் குமாஸ்தா எழுந்தார். எல்லோருக்கும் அவர் தீதி, அதாவது அக்கா. கல்யாண வீட்டில் போடுவதுபோல் ஒரு குலவை போட்டார், கட்டடமே அதிர்ந்தது. நாற்பது விரல்களும் ஒன்றாக இறங்கின. விலை சர்வர் தாங்கியது.

டீ குடித்துவிட்டு இலவச சர்வர். மறுபடியும் குலவை. அதுவும் தாங்கிவிட்டது! இரண்டும் தாங்கினால் இலவசத்தைத்தானே எடுப்பார்கள்? எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே கணவருக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

மறுநாள் அறிக்கை எழுத உட்கார்ந்தபோதுதான் லாகைப் பார்த்தேன். எந்தத் தட்டல் எந்த நொடியில் வந்தது என்று சர்வரே எழுதிவைக்கும் பதிவு அது. முதல் பரீட்சையில் நாற்பதும் ஒரே நொடி. இரண்டாவதில் இரண்டும் மூன்றுமாக, அரை நிமிடம் வரை வந்திருந்தன. நேரே தீதியிடம் போய் பெங்காலியில் கேட்டேன்.

"எல்லாரும் சேர்ந்து தட்டலையா?"

"அது சாதுவான சர்வர், பாவம். மெதுவாத் தட்டுங்கன்னு நான்தான் சொன்னேன்" என்றார் டிபன் டப்பாவை மூடியபடி. "அது ஜெயிச்சா நீ இங்கேயே இருப்பேன்னு சொன்னியேம்மா."

நுணலும் தன் வாயால் கெடும். சாப்பாட்டு வேளையில் அவரிடம் புலம்பியது நான்தான். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும்; திட்டத்தான் வாயைத் திறந்தேன். அழுகை வந்துவிட்டது. என்னைப் போகவிடாமல் இருக்க யாரும் அதுவரை அப்படிப் பாடுபட்டதில்லை.

சாயங்காலம் கணவரிடம், "அப்படியே எழுதிடட்டுமா? யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன்.

"நாளைக்கு அது படுத்துடுச்சுன்னா, கவுன்டர்ல ஜனங்ககிட்ட திட்டு வாங்கப்போறது அந்த நாற்பது பேர்தானே?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், ஆறிப்போன காபியை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

இலவச சர்வருக்கு மறுபடி பரீட்சை வைத்தேன். "இந்தத் தடவை இரக்கம் பார்க்காதீங்க" என்று கேட்டுக்கொண்டேன். தீதியின் குலவை பாதியில் உடைந்தது, ஆனால் எல்லோரும் சேர்ந்தே தட்டினார்கள். நாற்பது திரைகளும் வெள்ளையாக நின்றுபோயின. உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்துவிட்டுச் சென்னைக்கு ரயிலேறினேன். ஹௌராவில் வண்டி நகரும்வரை கணவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மூன்று மாதம் கழித்து அலிப்பூரில் மென்பொருள் ஓடத் தொடங்கியது. முதல் நாள் காலை, சென்னையில் உட்கார்ந்து லாகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அலுவலகம் திறந்து வெகுநேரமாகியும் ஒருவரும் சர்வருக்குள் வரவில்லை. கேட்டுவிடலாம் என்று போனை எடுத்தேன்.

அப்போது வந்தார்கள். நாற்பது பேரும், ஒரே நொடியில்.

சர்வர் அசையவில்லை. நான் ஏன் அழுகிறேன் என்று பக்கத்து மேசைக்காரர் கேட்டார். குலவை கேட்டது என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்?