சிவப்பு மையில் நடந்த அரட்டை

நாலு பேர் பேச ஓர் இடம் அமைத்துக் கொடுப்பது சுலபம். அந்த இடத்துக்கு நீதான் பொறுப்பு என்று யாராவது சொன்ன பிறகுதான் அதன் பாரம் தெரியும். குடியிருப்போர் சங்கச் செயலாளராகவோ வகுப்பு லீடராகவோ இருந்து அவதிப்பட்டவர்களுக்கு இது புரியும். தொண்ணூறுகளின் கடைசியில், தி.நகரில் ஒரு மாடியறையிலிருந்து இயங்கிய இணையதளத்தின் அரட்டைப் பலகைக்கு நான் பொறுப்பாளன்.

அனுமதி

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். கையெழுத்தில்லாத காகிதம் செல்லாது என்று நம்பி வளர்ந்தவன். அதனால் பலகைக்கு வரும் ஒவ்வொரு வரியையும் அச்செடுத்துத் தரச் சொல்லி, படித்து, சிவப்பு மையில் 'அனுமதி' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அதன் பிறகுதான் என்னோடு வேலை பார்த்த மும்தாஜ் அதைப் பலகையில் ஏற்றுவார்.

நாலாம் நாள் அவர் ஒரு தாளை நீட்டினார். "சார், இவங்க 'குட்மார்னிங்'னு எழுதினாங்க. நீங்க கையெழுத்துப் போடறதுக்குள்ள சாயங்காலம் ஆயிடுச்சு."

கொசுவும் குளமும்

அன்றிலிருந்து எல்லாம் உடனே ஏறியது. ஆனாலும் பழக்கம் விடவில்லை. மாலையில் மொத்தமாக அச்செடுத்து, 'அனுமதி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வைப்பேன். மாதக் கடைசியில் பழைய பேப்பர் கடையில் போட்டுவிடும்படி மும்தாஜிடம் சொல்லியிருந்தேன்.

மயிலாப்பூர் பத்மா மாமியும், 'மாம்பலம் மச்சி' என்ற பெயரில் எழுதிய ஒருவரும் தினம் மோதுவார்கள். மேற்கு மாம்பலத்துக் கொசு ஆளையே தூக்கிக்கொண்டு போகும் என்பார் மாமி. உங்கள் வற்றிப்போன கோயில் குளத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்களே, முதலில் அதைப் பாருங்கள் என்பார் மச்சி. பயந்துபோய் இருவரையும் ஒரு வாரம் எழுத விடாமல் நிறுத்தினேன். மூன்றாம் நாள் மச்சி நேரிலேயே வந்துவிட்டார். ஸ்கூட்டர் மெக்கானிக், கையில் கிரீஸ்கூடக் காயவில்லை. "நானும் மாமியும் ஜாலியா பேசிக்கினு இருந்தோம். நடுவுல நீ இன்னாத்துக்கு நைனா வந்தே?"

நான்தான்

ஒரு சனிக்கிழமை கம்ப்யூட்டரில் இடம் நிரம்பிவிட்டது. பழைய பக்கங்களை நீக்கும்போது மாமியின் பக்கத்தையும் சேர்த்து அழித்துவிட்டேன். அமெரிக்காவில் தலைப்பிரசவத்துக்குக் காத்திருந்த மகளுக்கு மாமி ஐந்து மாதமாகப் பலகையில் எழுதிவந்த பக்கம் அது. எதைச் சாப்பிடலாம், எப்படிப் படுக்கலாம், மகளின் பயங்கள், அம்மாவின் பதில்கள், எல்லாம் போயிற்று.

"மெஷின் கோளாறுன்னு போட்டுடு" என்றார் முதலாளி. எல்லாரும் நம்பியிருப்பார்கள். எனக்குக் கை வரவில்லை. 'மெஷின் அழிக்கவில்லை, நான்தான் அழித்தேன், மன்னியுங்கள்' என்று பெயரோடு எழுதி ஏற்றினேன். முதலாளி அதைப் படித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "மாமி பலகையை விட்டுப் போனாங்கன்னா, அவங்க பின்னாடியே நீயும் கிளம்பிடு தம்பி."

பரண்

திங்கட்கிழமை மாமி வந்தார். ஸ்கூட்டரில் ஏற்றி வந்தவர் மச்சி. மாமி திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. "இன்னும் மூணு மாசம் இருக்கு. பயம் வந்தா அவ அந்தப் பக்கத்தைத்தான் திரும்பத் திரும்பப் படிச்சுண்டு இருப்பா" என்றார்.

மும்தாஜ் நாற்காலி போட்டு ஏறி, பரணிலிருந்து கட்டுக்கட்டாகக் காகிதத்தை இறக்கினார். கையெழுத்துப் போட்ட காகிதத்தை எடைக்குப் போட அவருக்கு மனசு வரவில்லையாம்.

மச்சி தேதிவாரியாகத் தாளை எடுத்துக் கொடுக்க, மாமி வாசிக்க, நானும் மும்தாஜும் மாறிமாறித் தட்டச்சு செய்ய, மூன்று நாளில் பக்கம் திரும்பி வந்தது. முதலாளி பிரிண்டருக்குப் புது ரிப்பன் வாங்கி என் மேஜையில் வைத்தார். கடைசித் தாளை மடித்தபடி மாமி என்னைப் பார்த்தார். "பிரசவ லேகியத்துக்குக்கூட அனுமதி குடுத்திருக்கேளே."

ஊரே பேசும் பலகையை நடத்த என்னென்ன தலைமைப் பண்பு வேண்டும் என்று கேட்டால், என்னிடம் இருந்தது ஒரு சிவப்புப் பேனாவும், நான் சொன்னதைச் செய்யாத ஒரு மும்தாஜும்தான்.