வலக்கைக் கடிகாரம்

யுத்த காலத்தில் புதுக்கோட்டையில் இரண்டு கையிலும் கடிகாரம் கட்டிக்கொண்டு நடந்த பொம்பளை நான் ஒருத்திதான். வேறு யாராவது கட்டியிருந்ததாகச் சொன்னால் அது சுத்தப் பொய். கடைவீதியில் போனால், "அந்தா போகுது பாரு, ரெட்டைக் கடியாரம்" என்று காதில் விழும்படியே சொல்வார்கள். சொல்லட்டுமே. வீட்டில் ஒருத்திக்கு வலி கண்டதும் "நர்ஸம்மா எங்கிட்டு இருக்காக?" என்று தேடி வந்ததும் அதே வாய்கள்தான்.

பிரசவ வார்டில் எனக்கு வேலை. நாடி பார்க்க நொடி முள் வேண்டும். வார்டுக்கென்று கொடுத்திருந்த ஒரே கடிகாரம் எப்போதும் வேறு யாரிடமாவது இருக்கும். அதனால் முதல் சம்பளம் கைக்கு வந்த கையோடு கடைக்குப் போனேன். கடைக்காரர் பொட்டு அளவில் பவுன் நிறக் கடிகாரம் ஒன்றை நீட்டினார். அதில் நொடி முள்ளே இல்லை. "இது ஒங்க வீட்டம்மாவுக்கு அழகா இருக்கும், எனக்கு அந்த ஆம்பளை வாட்சை எடுங்க" என்றேன். வெள்ளை முகம், ரேடியம் பூசிய முள், தோல் வார். கட்டிக்கொண்டு வெளியே வந்தபோது என் கை எனக்கே புதிதாகத் தெரிந்தது.

ஒன்றோடு நின்றதா? ஆசை யாரை விட்டது. பர்மாவிலிருந்து நடந்தே வந்து சேர்ந்த ஒருவரிடம் சதுர முகக் கடிகாரம் ஒன்றை வாங்கினேன். அப்புறம் என் தகப்பனார் வைத்திருந்த சட்டைப்பைக் கடிகாரம். அவர் காலத்துக்குப் பிறகு பெட்டியில் தூங்கிக்கொண்டிருந்ததை எடுத்துத் துடைத்து, ஆசாரியிடம் கொடுத்து இரண்டு பக்கமும் வளையம் பற்றவைத்து, வார் கோத்துக் கட்டிக்கொண்டேன். "என்ன நர்ஸ், கையில் வடையைக் கட்டியிருக்கிறாய்?" என்று எங்கள் டாக்டரம்மா கேட்டார். வடைதான். ஆனால் அந்த வடை அரை நிமிஷம் தவறாது. காலையில் எல்லாவற்றுக்கும் சாவி கொடுத்துக் காதில் வைத்துக் கேட்ட பிறகுதான் எனக்குக் காப்பி இறங்கும். பைத்தியம் என்றால் பைத்தியம்தான்.

இப்படி இருக்கையில்தான் அந்த உத்தரவு வந்தது. யுத்தத்துக்காக எல்லாக் கடிகாரங்களையும் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்க வேண்டும். ஆஸ்பத்திரிச் சுவரில் இருந்த பெரிய கடிகாரத்தை ஏணி போட்டு ஏறித் திருப்பினார்கள். டூட்டி, மருந்து, ரயில், சர்க்கார் கச்சேரி எல்லாம் புது மணிக்கு மாறின. ஆனால் சூரியனுக்கு யார் உத்தரவு போடுவது? பஞ்சாங்கமும் பழைய மணியிலேயே இருந்தது. பிள்ளை பிறந்ததும் எங்கள் ஊரில் முதலில் கேட்பது ஆணா பெண்ணா, அடுத்துக் கேட்பது மணி என்ன. ஜாதகம் எழுத வேண்டுமே. அதனால் இடக்கையில் ரேடியம் முள் கடிகாரத்தைப் புது மணிக்கும், வலக்கையில் தகப்பனார் கடிகாரத்தைப் பழைய மணிக்கும் வைத்துக் கட்டிக்கொண்டேன். இடக்கை சர்க்காருக்கு, வலக்கை பிள்ளைக்கு. நட்சத்திரத்தை நீ நம்புகிறாயா என்று என்னைக் கேட்காதீர்கள். நான் மணியை நம்புகிறவள்.

ஒரு சித்திரை மாதம், அன்னவாசல் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அவள் வயிற்றில் ஏழு மாசம் இருக்கும்போதே புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். மாமியார் வீட்டுக் கதவு அன்றைக்கே சாத்திக்கொண்டது. பிறந்த வீட்டில் தகப்பனும் அண்ணன் பெண்டாட்டியும்தான். அண்ணன் பட்டாளத்தில். அவனிடமிருந்து காகிதம் வந்து வெகு நாளாகியிருந்தது.

காலை வெயில் ஜன்னலுக்குள் வந்த நேரத்தில் பையன் பிறந்தான். நல்ல தொண்டை. நான் வெளியே வந்து, வலக்கையைத் தூக்கி அந்தப் பெண்ணின் தகப்பனிடம் காட்டி, மணியைச் சொன்னேன். "சரி தாயி, சரி தாயி" என்று தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே என் தலைக்கு மேலே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு அப்போதே சுருக்கென்றது. "அது யுத்த மணி அய்யா, அதை விட்டுருங்க" என்றும் சொன்னேன். அதற்கும் சரி தாயிதான்.

சில நாள் கழித்துத் தொப்புள் காயம் பார்க்க அந்தப் பெண் பிள்ளையோடு தனியாக வந்தாள். காயம் ஆறியிருந்தது. அவள் முகம்தான் ஆறவில்லை. என்னடி என்று கேட்டதுதான் தாமதம், பொலபொலவென்று அழுதாள்.

"ரோகிணியில பொறந்திருக்கானாம் நர்ஸம்மா. ரோகிணி ஆம்பளப் புள்ள தாய்மாமனுக்கு ஆகாதாம். அண்ணி சோறு தண்ணி இல்லாம கெடக்குது. பொன்னமராவதியில புள்ள இல்லாதவுக யாரோ இருக்காகளாம், வர்ற வெள்ளிக்கிழம தூக்கிக் குடுத்துருவோம்னு அப்பா சொல்லிட்டாரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எந்த மணியச் சொல்லி ஜாதகம் எழுதுனாக?" என்றேன். சொன்னாள். ஒரு மணி நேரம் கூடுதலாக இருந்தது. சுவர்க் கடிகாரத்தின் மணி.

மறுநாள் எனக்கு லீவு. இரண்டு கடிகாரத்துக்கும் சாவி கொடுத்துக் கட்டிக்கொண்டு பெட்ரோல் கிடைக்காமல் கரிப் புகையில் ஓடிய கரி பஸ்ஸில் ஏறினேன். அது மேட்டில் மூச்சு வாங்கி நின்று, நாங்கள் இறங்கித் தள்ளி, அந்த ஊருக்குப் போய்ச் சேர உச்சிப் பொழுதாகிவிட்டது.

தகப்பன் வாசலில் நின்றார். ஜாதகம் எழுதிய பக்கத்துத் தெரு ஜோசியரையும் வரச் சொன்னேன். விஷயத்தைச் சொன்னதும் ஜோசியர், "புது மணின்னு எங்கிட்ட யாரும் சொல்லலையே" என்று கக்கத்தில் இருந்த பஞ்சாங்கத்தை எடுத்தார். தகப்பன் மசியவில்லை.

"கோவிச்சுக்கிறாதீக நர்ஸம்மா. அம்புட்டுப் பெரிய சர்க்கார் கடியாரம் பொய் சொல்லுமா? ஒங்க கையில இருக்கிறது சின்னது."

என் தகப்பனாரின் கடிகாரத்தைச் சின்னது என்றால் எனக்கு எப்படி இருக்கும்? பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"அப்படி வெயில்ல வந்து நில்லுங்க" என்றேன். நின்றார். "ஒங்க நெழலு எங்க இருக்கு?"

குனிந்து பார்த்தார். "காலுக்குள்ள இருக்கு."

"அப்ப எத்தன மணி?"

"உச்சி. பன்னண்டு இருக்கும். இதுக்கு எதுக்குக் கடியாரம்?"

"ஒங்க பெரிய கடியாரம் இப்ப என்ன சொல்லும்னு பாருங்க" என்று இடக்கையை நீட்டினேன். ஒன்றைத் தாண்டியிருந்தது. பிறகு வலக்கையை நீட்டினேன். பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. அவர் இரண்டு கையையும் மாறி மாறிப் பார்த்தார். நிழலைப் பார்த்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஜோசியர் பஞ்சாங்கத்தைப் பிரித்தார். விரலை மடக்கி மடக்கிக் கணக்குப் போட்டார். வெயிலில் நின்ற எல்லோருக்கும் வியர்த்துக் கொட்டியது. "கார்த்திகை நட்சத்திரம், நாலாம் பாதம். ரோகிணி அதுக்கப்புறந்தான் பொறக்குது. மாமனுக்கு ஒண்ணும் இல்ல" என்றார்.

பெற்றவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணி கதவோரமாக நின்றுகொண்டிருந்தாள். இருபது வயதுகூட இராது. கண் உள்ளே போயிருந்தது. அவள் மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் அந்த முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. புருஷன் எங்கே இருக்கிறான் என்றே தெரியாதவள் வேறு எதைப் பிடித்துக்கொண்டு பயப்படுவாள்? என்னைத் தனியாக அழைத்துப் போய் மெல்லக் கேட்டாள்.

"அக்கா, புள்ள பாவம்னு பொய் சொல்லலையே?"

"நான் சொல்லுவேன் தாயி. நல்லாவே சொல்லுவேன்" என்றேன். "இது சொல்லாது." வலக்கையை அவள் காதோடு வைத்தேன். டிக் டிக்கென்று கேட்டுக்கொண்டு வெகு நேரம் நின்றாள். பிறகு போய்ப் பிள்ளையைத் தூக்கினாள். பிறந்ததிலிருந்து அவள் அவனைத் தொட்டது அதுதான் முதல் தடவையாம்.

அதற்குப் பிறகு எங்கள் வார்டில் ஒருவரும் சுவரை அண்ணாந்து பார்க்கவில்லை. "நர்ஸம்மா வலக்கை என்ன சொல்லுது?" என்றுதான் கேட்டார்கள். எனக்குத் தலைக்கனம் ஏறவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பப் போவதில்லை. ஏறத்தான் செய்தது. ஏறட்டுமே.

யுத்தம் முடிந்தது. மறுபடி ஏணி போட்டு ஏறிச் சுவர்க் கடிகாரத்தைப் பின்னால் திருப்பினார்கள். இடக்கைக் கடிகாரத்தை நானும் திருப்பினேன். வலக்கையைத் தொடவே இல்லை. உலகமே சுற்றிவிட்டு அதனிடம் திரும்பி வந்து சேர்ந்தது.

பட்டாளத்துக்காரன் முழுசாகத் திரும்பி வந்தான். அடுத்த வருஷம் அந்த அண்ணியே எங்கள் வார்டுக்கு வந்தாள். வெளியே வராந்தாவில் புருஷன், அவன் தோளில் நம் கார்த்திகைக்காரன், மாமன் மீசையைப் பிடித்து இழுத்துக்கொண்டு. அப்போதெல்லாம் என் இரண்டு கையிலும் ஒரே மணிதான், சுவரிலும் அதே மணிதான். அது ஊருக்கே தெரியும், அவளுக்கும் தெரியும். பிள்ளை வெளியே வந்து முதல் குரல் கொடுத்தது. ஆணா பெண்ணா என்று அவள் கேட்கவில்லை. தலையைக்கூடத் தூக்க முடியாமல் கிடந்தவள் என் வலது மணிக்கட்டைத் தேடிப் பிடித்தாள்.

"அக்கா, இதுல மணி என்ன?"