பட்ட செடிக்கு மாற்றுச் செடி

எனக்கு ஒழுங்காக நீந்தத் தெரியாது என்றால் மட்டக்களப்பான் என்று யாரும் நம்ப மாட்டார்கள். விழுந்தால் மிதப்பேன், அவ்வளவுதான். அப்படிப்பட்ட நான் நாற்பதைத் தாண்டிய பிறகு ட்ரையத்லன் போட்டிக்குப் பயிற்சி எடுத்தேன். முதலில் நீச்சல், அது முடிந்த கையோடு சைக்கிள், அதுவும் முடிந்த கையோடு ஓட்டம். இப்போது நினைத்தாலும் மூச்சு வாங்குகிறது. மனைவி கேட்டாள், நான் ஓம் என்றேன். சிங்கத்தோடு மல்லுக்கட்டுவோமா என்று கேட்டிருந்தாலும் அன்று ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

அதற்கு முன் மாதக்கணக்காக அவள் என்னிடம் எதையுமே கேட்டதில்லை. எங்கள் பிள்ளை, முழு மாதமும் சுமந்த பிள்ளை, உயிரில்லாமல் பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். சோறு வைத்தால் இரண்டு வாய். பேச்சுக் கொடுத்தால் ஒரு ‘ம்’. அழுதிருந்தால்கூட நான் ஆறியிருப்பேன், அழவும் இல்லை. இவளும் என்னை விட்டுப் போய்விடுவாளோ என்று பயந்தேன். வேலைக்குப் போகும்போது கிணற்றுக்கு மூடி போட்டுப் பூட்டிச் சாவியைக் கையோடு கொண்டுபோனேன். இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்வது?

அவள் சுவரை விட்டு வேறு எதையாவது பார்க்கட்டும் என்றுதான் யன்னலுக்கு வெளியே மண்ணைக் கொத்தத் தொடங்கினேன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான் சேரும். வீட்டைச் சுற்றியிருக்கிற இந்த வளவும் அவள் தாய் கொடுத்தது. கட்டிக்கொண்டு வந்தவன் கேட்காமல் கொள்ளாமல் அதைப் புரட்டினால் திட்டாவது விழும் என்று ஒரு நப்பாசை. விழுந்தது. ஒரு காலையில் யன்னலுக்குள்ளிருந்து குரல் வந்தது.

“அதில நட்டா வெயில் காணாது. இஞ்சால தள்ளி நடுங்க.”

மண்வெட்டியைப் போட்டுவிட்டு அப்படியே நிலத்தில் குந்திவிட்டேன். பிறகு அவளே வெளியில் வந்தாள். புல் இங்கே, பாதை அங்கே, செவ்வரத்தை யன்னலுக்கு நேரே என்று கையைக் காட்டினாள். இன்னொரு நாள் விடியலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ஓடப் போனாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நின்றுவிடுவாளோ என்று பயம். அதற்கப்புறம்தான் போனில் எங்கேயோ பார்த்துவிட்டு, அடுத்த வருடம் கிழக்குக் கரையில் இப்படியொரு போட்டி நடக்குதாம், ரெண்டு பேரும் போவமா என்று கேட்டாள். அடுத்த வருடம் என்று அவள் வாயில் வந்ததே, அதுக்கே நான் கோயிலில் தேங்காய் உடைத்தேன்.

அதன் பிறகு எங்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. விடியலில் வாவிக்குள் இறங்குவோம். அவள் முன்னால் நேராக வெட்டிக்கொண்டு போவாள், நான் மிதவையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பின்னால் அல்லாடுவேன். விடுமுறை நாளில் தேற்றாத்தீவு வரைக்கும் சைக்கிள். கோடையில் வீசுகிற வறண்ட கச்சான் காற்று முகத்தில் அறையும். வந்த களைப்போடு பாதைக்குக் கல் சுமக்க வேண்டும், புல் பதிக்க வேண்டும். அவள் ஓடுவதைப் பார்த்துப் பக்கத்து வளவு மாமி, “என்னகா, நாய் கீய் துரத்துதா?” என்று வேலிக்கு மேலால் கேட்பா. மனைவி சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காக நான் நாயாகவே துரத்தியிருப்பேன்.

பயிற்சியும் வேண்டும், தோட்டமும் வேண்டும். எது நின்றாலும் அவள் மறுபடி படுத்துவிடுவாள் என்பதுதான் என் கணக்கு. வாளியால் அள்ளி ஊற்ற நேரம் எங்கே? கிணற்றில் மோட்டரைப் பூட்டினேன். குழாய் இழுத்து, தானாகச் சுழன்று தண்ணீர் தெளிக்கும் சாமானையும் மாட்டினேன். போட்டுவிட்டுச் சைக்கிளில் ஏறினால் நாங்கள் திரும்பி வரும்வரை அது பாட்டுக்குச் சுழன்றுகொண்டிருக்கும்.

அந்தப் பக்கம் கடல், இந்தப் பக்கம் வாவி, நடுவில் மணல். எங்கள் கிணறுகளில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிசாக மிதக்கிறது. மெதுவாக அள்ளினால் காலத்துக்கும் அள்ளலாம். மோட்டரால் உறிஞ்சினால் கீழே கிடக்கிற உப்பு மேலே வந்துவிடும். இங்கே பிறந்த யாருக்கும் இது தெரியும், எனக்கும் தெரியும். கொஞ்சநாள்தானே, மாரி பெய்தால் சரி வந்துவிடும் என்று இருந்துவிட்டேன்.

முதலில் புல்லின் நுனி கருகியது. பிறகு யன்னலடிச் செவ்வரத்தையின் இலைகள் ஓரத்திலிருந்து சுருண்டன. கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தேன். துப்பினேன். ஐயோ கடவுளே, கடல்தான்.

ஒரு நாள் அவள் ஓடப் போன நேரம் அந்தச் செவ்வரத்தை காய்ந்த குச்சியாக நின்றது. இந்த வீட்டில் இன்னொன்று செத்துக் கிடப்பதை அவள் பார்க்கக் கூடாது, அது ஒன்றுதான் மண்டைக்குள் இருந்தது. பிடுங்கி எறிந்துவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு செடி விற்பவனிடம் பறந்தேன். அதே உயரத்தில் ஒன்றை வாங்கி வந்து அதே குழியில் நட்டேன். அவள் திரும்பி வரும்போது நான் கை கழுவிக்கொண்டு நின்றேன்.

அடுத்து நந்தியாவட்டை. பிறகு குரோட்டன். ஒன்றை மாற்றினால் இன்னொன்று பட்டுப்போகும். முழங்கால் நோகுது என்று பொய் சொல்லி ஓட்டத்திலிருந்து கழன்றேன். அவள் தனியே ஓடுவாள், நான் செடி மாற்றுவேன். வீதிக் குழாய்த் தண்ணீரும் கச்சான் காலத்தில் நினைத்த நேரம்தான் வரும், வரும்போது பிளாஸ்டிக் கான்களில் பிடித்துக் கான் கானாகச் சுமந்து ஊற்றுவேன். ஊற்றியும் என்ன, மண்ணே உப்பு. செடிக்காரன் ஒரு நாள் கேட்டேவிட்டான்:

“அண்ணன், செடிய நடுறீங்களா திங்கிறீங்களா?”

சிரித்துவிட்டு வந்து, வழியில் நிறுத்தி, ஹெல்மெட்டுக்குள்ளேயே அழுதேன். எத்தனை நாளைக்கு ஓடுவது? ஒரு வளவு முழுக்கச் சாகிறது, நான் ஒருத்தன் மறைத்துக்கொண்டிருக்கிறேன்.

பிடிபட்டது ஒரு விடுமுறைக் காலையில். சைக்கிளை உருட்டிக்கொண்டு வெளிக்கிட்டவள் யன்னலடியில் நின்றாள். புதுச் செவ்வரத்தையில் முதல் பூ. மஞ்சள்.

“நாம சிவப்புத்தானே நட்டம்?”

“மண்ணுக்கேத்த மாதிரி நிறம் மாறுமாம் புள்ள.”

“ஆ… முழங்கால் எப்பிடி?”

“கொஞ்சம் பரவால்ல” என்று முழங்காலைத் தடவினேன்.

“நேத்து மற்றக் கால்தானே நொந்திச்சு?”

அவள் சைக்கிளை வேலியில் சாய்த்தாள்.

“முதல் செடி பட்ட அண்டைக்கே எனக்குத் தெரியும். கிணத்துத் தண்ணியிலதான நானும் குளிக்கிறன், உப்புத் தெரியாதா? நீங்களாச் சொல்லுவீங்க எண்டு பாத்துக்கொண்டே இருந்தன்.”

“உனக்குத் தாங்காது எண்டுதான்…”

“பட்டா பட்டதெண்டு சொல்லுங்க! எனக்குக் காட்டுங்க! புள்ளையையும் இப்பிடித்தானே செஞ்சீங்க?”

எங்கள் ஆட்களிடம் அப்படித்தான் வழக்கம். உயிரில்லாமல் பிறந்ததைத் தாய்க்குக் காட்ட மாட்டார்கள். கண்டால் மனசில் பதிந்துவிடும் என்பார்கள். ஆண்கள் துணியில் சுற்றி எடுத்துப் போய் அன்றைக்கே அடக்கம் செய்துவிட்டு, குளித்துவிட்டு வீட்டுக்குள் வருவோம். பெரியவர்கள் சொன்னார்கள், நானும் தூக்கிக்கொண்டு போனேன்.

“முகம் எப்பிடி இருந்திச்சு?”

“உன்ட மூக்கு” என்றேன். “தலை நிறைய மயிர். நித்திர கொள்ற மாதிரித்தான் இருந்தா.”

அவள் சைக்கிளில் ஏறினாள். “வாங்க, இடத்தக் காட்டுங்க.”

மயானம் கடற்கரைப் பக்கம், வெறும் மணல். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு அடையாளம் எதுவும் வைப்பதில்லை. ஒரு வேம்புக்குப் பக்கத்தில் என்று ஞாபகம், ஆனால் அங்கே நின்றதெல்லாம் வேம்பு. காற்றுக்கு மணல் மேடும் பள்ளமும் மாறிக் கிடந்தது. இந்தா, இங்கதான் என்று ஓரிடத்தைக் காட்டிவிட்டால் என்ன? அவள் இருந்து அழுதுவிட்டு வருவாள். யாருக்கு நட்டம்? கை பாதி எழும்பியும் விட்டது. அவள் கையைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“தெரியாது புள்ள” என்றேன். “அண்டைக்கு நான் நிமிந்தே பாக்கல்ல. சத்தியமா இடம் தெரியாது.”

என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். “என்ட புள்ளையத் துலைச்சிட்டு வந்து நிக்கிறீங்களே!” என்று கத்தினாள். அத்தனை மாதமும் வராத அழுகை அப்போது வந்தது. நெஞ்சில் குத்தினாள், நான் நின்று வாங்கினேன். ஓம், ஓம் என்றேன்.

வெகுநேரம் கழித்துக் கையால் முகத்தைத் துடைத்தாள். குனிந்து சப்பாத்தைக் கழற்றினாள்.

“அப்ப முழுக்க நடப்பம்” என்றாள். “எங்கயோ ஒரு இடத்தில அவளுக்குப் பக்கத்தால போவம்தானே.”

நானும் கழற்றினேன். கடல் பக்க மூலையிலிருந்து தொடங்கினோம்.