ஐந்து கால் மாடும் நானும்

கீழ்வீட்டுக்காரர் கதவு மணியை அடித்துவிட்டு, இழவு சொல்ல வந்தவரின் முகத்தோடு நின்றார். நிலவறையில் எங்கள் உடுப்புத் தோய்க்கும் மெஷின் செத்துக்கொண்டிருக்கிறதாம். இறங்கிப் போனேன். உள்ளே யாரோ தவில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். நிறுத்தித் திறந்தபோது, என் காற்சட்டைப் பையிலிருந்து ஒரு கைப்பிடி கஸ்தானியன் கொட்டைகள் உருண்டு விழுந்தன. இலையுதிர் காலத்தில் சுவிஸின் பீல் நகரத்துத் தெருமரங்கள் கொட்டுகிற, பளபளப்பான, ஆனால் தின்ன உதவாத பழுப்புக் கொட்டைகள். மனிதர் கோபிக்கவில்லை. தன் பையிலிருந்தும் ஒன்றை எடுத்துக் காட்டி, முழங்காலைத் தட்டி ஏதோ கேட்டார். "யா, யா" என்றேன். விளங்காத எதற்கும் இந்த நாட்டில் நான் சொல்லும் பதில் அது. மூட்டுவலிக்கு இந்தக் கொட்டையைப் பையில் வைத்திருப்பது இங்கத்தைய கைவைத்தியம் என்று மகள் பிறகு சொன்னாள். முழங்காலில் சத்திரசிகிச்சை செய்து, கைத்தடியாகப் பொல்லு ஊன்றித் திரிகிற எனக்கு அது பொருத்தமான பொய்யாக அமைந்துவிட்டது. உண்மையில் ஒரு மாட்டைத் திருத்துவதற்காக நான் அவற்றைப் பொறுக்கியிருந்தேன். திருத்தியது பிழை. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டு மீதியைச் சொல்கிறேன்.

என் மகளின் மகள் ஆரணிக்கு ஐந்து வயது. அவளுடைய கிண்டர்கார்டன் பிள்ளைகள் கிழமைக்கு ஒருநாள், மழை பெய்தாலும், காட்டுக்குப் போகிறார்கள். இலை, கொட்டை, பாசி, செத்த வண்டு என்று அகப்பட்டதையெல்லாம் அள்ளி வருகிறார்கள். பிறகு அவற்றை வைத்துக் கைவேலை. இங்கே அதற்கு 'பாஸ்டெல்ன்' என்று பெயர். எண்ணுவதும், பெரிது சிறிது பிரிப்பதும், துளை போடுவதும், துளை பிழைத்தால் அழாமல் இருப்பதும் எல்லாம் பாடம்தான் என்று ஆசிரியை சொன்னார். நான் யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்தவன். முற்றத்தில் விழுந்த இலையைக் கூட்டிக் கொளுத்துகிற ஊரிலிருந்து வந்தவனுக்கு, அதே குப்பையைப் பிள்ளையின் கையில் கொடுத்து வகுப்பு என்று சொல்வது முதலில் சிரிப்பாக இருந்தது.

எங்களிடமும் கைவேலை இருந்தது. ஆனால் அது போட்டி. சிரட்டையில் ஆந்தை, ஈர்க்கில் கப்பல், பனையோலையில் கோபுரம் என்று பிள்ளைகள் கொண்டுவருவார்கள். எதையும் பிள்ளை செய்யவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். உண்மையில் போட்டி தகப்பன்மாருக்கிடையில்தான். தபாற்கந்தோர்க்காரரின் கப்பலை என் ஆந்தை வென்ற வருடம், மகள் மேடையேறிக் கிண்ணம் வாங்கினாள். நான் கீழே நின்று, தெரியாதவன்போல் கைதட்டினேன்.

ஆகவே ஆரணி தன் மாட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது என் கை அரித்தது. பெரிய கொட்டை உடல், சின்னக் கொட்டை தலை, ஓக் கொட்டையின் தொப்பிகள் இரண்டு காதுகளாக. கால்களுக்கு நெருப்புக்குச்சிகள். அவை ஐந்து. ஐந்தாவது கால் முன்பக்கத்தில், கழுத்துக்குக் கீழே சரிந்து குத்தப்பட்டிருந்தது. மாடு குடித்துவிட்டு வீடு திரும்புவதுபோல நின்றது. திங்கட்கிழமை இதை வகுப்பில் தாத்தா பாட்டிமார் எல்லோரும் வந்து பார்க்கப் போகிறார்கள்! சனிக்கிழமை காலை அவள் தமிழ்ப் பள்ளிக்கூடம் போனதும் நான் மேசையில் உட்கார்ந்தேன். ஐந்தாவது காலைப் பிடுங்கினேன். கோணல் கால்களை மாற்றினேன். தலை சிறிதென்று வேறு கொட்டை வைத்தேன், உடல் சொத்தையென்று அதையும் மாற்றினேன். முள்ளில் கொம்பு. காட்டு ரோசாவின் சிவப்புக் காய்களைக் கோத்துக் கழுத்துக்கு மாலை. கடைசியாக, கை நிற்காமல், நெற்றியில் திருநீறு. சுவிஸ் பால்மாடு போய், யாழ்ப்பாணத்து வண்டில் காளை வந்தது. பழையதில் மிஞ்சியவற்றைக் கழிவு வாளியில் போட்டேன். அதைக் கீழே கொண்டுபோய் வைத்ததும் நான்தான். தடயம் இல்லாமல் செய்ய வேண்டுமல்லவா.

திங்கட்கிழமை காளையைப் பெட்டியில் மூடிக் கொடுத்துவிட்டு, மற்றத் தாத்தா பாட்டிமாரோடு நானும் வகுப்பில் இருந்தேன். பிள்ளைகள் வட்டமாக இருந்து, ஒவ்வொருவராகத் தங்கள் கைவேலையைப் பற்றிச் சொன்னார்கள். ஆரணி பெட்டியைத் திறந்தாள். பார்த்தாள். எனக்கும் விளங்கும்படி, சுவிஸ் டொச்சில், இங்கத்தைய ஜெர்மன் பேச்சில், அமைதியாகச் சொன்னாள்: "இது என்ர மாடு இல்லை. என்ர மாடு ஓடிப்போட்டுது. இது வேற ஆரோ."

"அப்படியானால் இதை யார் செய்தது?" என்று ஆசிரியை கேட்டார்.

அவர் முகத்தில் இருந்தது வியப்பு என்று நினைத்தேன். ஆந்தையின் நினைவும் எனக்கு வந்திருக்க வேண்டும். பொல்லை ஊன்றி எழுந்து, "நான்!" என்றேன்.

யாரும் கைதட்டவில்லை. ஆசிரியை கொஞ்சமும் சிரிக்காமல் வட்டத்தில் ஒரு இடத்தைக் காட்டினார். செய்தவர்தானே சொல்ல வேண்டும்? முழங்கால் உயரக் கதிரையில், அந்தப் பிள்ளைகளுக்கு நடுவே, எழுபது கடந்த நான் உட்கார்ந்தேன். மாட்டின் நெற்றியில் ஏன் மா பூசியிருக்கிறது, அதற்குக் காய்ச்சலா என்று ஒரு பையன் கேட்டான். திருநீறை டொச்சில் விளக்கத் தெரியாமல் "யா, யா" என்றேன். இதையெல்லாம் நீயே தனியாகச் செய்தாயா என்று இன்னொருத்தி கேட்டாள். அவளுக்கு என்மேல் நல்ல அபிப்பிராயம். முடிவில் என் காளைக்கும் பெயரட்டை எழுதி, மற்றவற்றோடு யன்னல் தட்டில் வைத்தார்கள். ஆரணியின் பெயருக்கு முன்னால் மட்டும் ஒன்றும் இல்லை.

வீடு திரும்பும்போது றோட்டைக் கடக்க அவள் என் கையைப் பிடிக்கவில்லை. என் சட்டை நுனியை இரண்டு விரலால் பிடித்தாள், ஈரத் துணியைப் பிடிப்பதுபோல.

"அம்மப்பா, அந்தக் கால் எங்கை?"

"எந்தக் கால், குஞ்சு?"

"நீங்கள் பிடுங்கின கால்."

"மாட்டுக்கு நாலு கால்தானேயம்மா."

"அது கால் இல்லை, அம்மப்பா. அது பொல்லு. அந்த மாடு நீங்கள்."

பச்சை விளக்கு எரிந்தது. நான் கடக்கவில்லை. பின்னால் ஒரு சைக்கிள்காரர் மணியடித்தார்.

மாலையில் மகள் வேலையால் வந்தாள். அவள் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில், கண்ணில் கண்ணாடி பொருத்தி, தூசியளவு திருகாணிகளைப் பூட்டுகிறவள். கதை முழுவதையும் கேட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் குசினிக் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, என்ன பரிசு குடுத்தவை?"

"பகிடி பண்ணாதை பிள்ளை."

"எனக்கும் அண்டைக்கு, அந்த ஆந்தைப் போட்டிக்கு, ஒரு ஆமை செய்ய விருப்பமாய் இருந்தது, தெரியுமோ? நீங்கள் கேக்கேல்லை."

அவள் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அடுத்த நாள் ஆரணியிடம் மன்னிப்புக் கேட்டேன். பேரப்பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இருந்ததில்லை, சொற்களும் கைவசம் இல்லை. "நான் செய்தது பிழை" என்றேன். அவள் யோசித்தாள். பிறகு என்னை ஏரிக்கரை மரங்களுக்குக் கூட்டிப் போனாள். கொட்டையைத் தெரிவு செய்தது அவள். துளைபோட்டதும் அவள். என் வேலை கொட்டை உருளாமல் பிடித்திருப்பது. யோசனை சொல்ல வாயைத் திறந்தபோதெல்லாம், "நீங்கள் பிடிச்சால் காணும்" என்றாள். புதிய மாடு முந்தியதைவிடக் கோணல். அதற்குப் பொல்லும் இருந்தது.

இப்போது இரண்டும் அந்த யன்னல் தட்டில் இருக்கின்றன. அறைச்சூட்டில் கொட்டைகள் காய்ந்து சுருங்கத் தொடங்கிவிட்டன. துளைகள் தளர்ந்து, நான் நேராகப் பூட்டிய நான்கு கால்களும் ஆட்டம்காண, என் காளைதான் முதலில் விழுந்தது. அவளுடைய மாடு அசையவில்லை. நேற்று அவளைக் கூட்டிவரப் போனபோது, காளை மறுபடி எழுந்து நிற்கக் கண்டேன். அதன் கழுத்துக்குக் கீழேயும் ஒரு நெருப்புக்குச்சியை அவள் குத்தியிருந்தாள். நெற்றியில் திருநீறு பாதி உதிர்ந்து, பொல்லை ஊன்றி, முகம் வகுப்பைப் பார்க்கிறதா வெளியே றோட்டைப் பார்க்கிறதா என்று சொல்ல முடியாதபடி சற்றே திரும்பி நின்றது. நான் அதை நேராக்கவில்லை.